இரு ராஜினாமாக்கள்: ‘மகாநகர்’ காட்டும் கணவன்–மனைவி உறவு

திருமண ஆராதனையில் மணமக்களுக்கு அறிவுரை கூறுவது போதகருக்கு எளிதான பணி. அதே மணமக்கள் ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பின், தனித்தனியாக, வெவ்வேறு வேளைகளில் நம் வீட்டுக் கதவைத் தட்டும்பொழுதுதான் பணி கடினமாகிறது. வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், முதிய பெற்றோரின் மருந்துச் செலவு ஆகியவற்றுக்கு நடுவில், யார் சம்பாதிப்பது, யார் சமைப்பது, யார் யாருக்குக் கணக்குச் சொல்வது என்னும் வினாக்கள் தலைதூக்குகின்றன. அன்பு, கீழ்ப்படிதல், சமாதானம் என்று நாம் பிரசங்க பீடத்திலிருந்து கூறிய சொற்கள் அப்பொழுது சோதனைக்கு உள்ளாகின்றன. இவ்வினாக்களைப் பெருஞ்சத்தமின்றியும் ஒளிவுமறைவின்றியும் எழுப்பிய ஒரு திரைப்படத்தை இக்கட்டுரையில் ஆராய விழைகிறேன்.

வங்காள இயக்குநர் சத்தியஜித் ரே 1963ஆம் ஆண்டில் உருவாக்கிய ‘மகாநகர்’ என்பதே அப்படம். நரேந்திரநாத் மித்ராவின் சிறுகதையைத் தழுவி அமைந்தது. 1964ஆம் ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநருக்குரிய வெள்ளிக் கரடி விருதினை ரேக்குப் பெற்றுத் தந்தது. கதைத்தலைவியாக மாதவி முகர்ஜியும் அவள் கணவனாக அனில் சாட்டர்ஜியும் நடித்துள்ளனர். பின்னாளில் இந்தித் திரையுலகில் புகழ்பெற்ற ஜெயா பாதுரி, கணவனின் தங்கையாக, பள்ளிச் சிறுமியாக இதில்தான் முதன்முதலில் தோன்றினார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. எனினும் படம் எழுப்பும் வினா பழமையடையவில்லை.

கதையின் போக்கு

கதை ஐம்பதுகளின் கல்கத்தாவில் நிகழ்கிறது. 1947ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குவிந்த நடுத்தரக் குடும்பங்களால் நகரம் நிரம்பி வழிந்த காலம் அது. சுப்ரதா மஜும்தார் ஒரு வங்கியில் சிறு ஊதியத்தில் பணிபுரிகிறான். அவனுடைய வருவாயை நம்பி, ஒடுங்கிய வீட்டில், மனைவி ஆரத்தி, மகன் பிண்ட்டு, பள்ளி செல்லும் தங்கை, வயது முதிர்ந்த தாய் தந்தையர் ஆகியோர் வாழ்கின்றனர். தந்தை பிரியகோபால் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். புதியதொரு மூக்குக் கண்ணாடி வாங்குவதற்கும் வழியில்லாத வறுமை.

குடும்பச் சுமையைக் கண்ட ஆரத்தி வேலைக்குச் செல்லத் துணிகிறாள். கணவன் ஒப்புகிறான், விளம்பரம் பார்ப்பதிலும் விண்ணப்பம் அனுப்புவதிலும் அவனே உதவுகிறான். வீடுவீடாகச் சென்று பின்னல் இயந்திரம் விற்கும் பணி அவளுக்குக் கிடைக்கிறது. தயங்கித் தயங்கிப் புறப்பட்டவள் விரைவில் தன் திறமையைத் தானே கண்டுகொள்கிறாள். ஆனால் வீட்டில் அமைதி குலைகிறது. மாமனார் பேச்சை நிறுத்துகிறார். பிண்ட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். கணவன் உள்ளத்திலும் ஐயம் முளைக்கிறது. வேலையை விட்டுவிடு என்கிறான். ராஜினாமாக் கடிதமும் ஆயத்தமாகிறது. அவள் அதனை அளிக்கவிருந்த நாளிலேயே சுப்ரதாவின் வங்கி முறிந்துபோகிறது. அவனே தொலைபேசியில் அழைத்து, ராஜினாமா செய்ய வேண்டாம் என்று கெஞ்சும் நிலை ஏற்படுகிறது. இனி ஆரத்தியின் ஊதியமே வீட்டுக்கு ஆதாரம்.

இறுதியில், உடன் பணிபுரிந்த ஆங்கிலோ–இந்தியப் பெண் ஈடித் சிம்மன்ஸ் அநியாயமாக வேலைநீக்கம் செய்யப்படுகிறாள். முதலாளி முகர்ஜி ஈடித்திடம் மன்னிப்புக் கோர வேண்டும் என்று ஆரத்தி கேட்கிறாள், அவர் மறுக்கிறார், அவள் வேலையைத் துறந்து வெளியேறுகிறாள். மாடிப்படியின் அடியில் கணவனைச் சந்திக்கிறாள். இருவருக்கும் வேலையில்லை. ஆயினும் இருவரும் சேர்ந்து நகரின் கூட்டத்துக்குள் நடந்து மறைகின்றனர்.

நல்லவனின் ஐயம்

இப்படத்தின் தனிச்சிறப்பு, இதில் கொடியவன் எவனும் இல்லை என்பதே. சுப்ரதா குடிப்பவனல்லன்; மனைவியை அடிப்பவனல்லன். மனைவியிடம் அன்புள்ளவன், கேலி பேசிச் சிரிக்கத் தெரிந்தவன். பெண்ணுக்கு உரிய இடம் வீடு என்னும் பழைய கருத்தைத் தங்கையிடம் பாதி விளையாட்டாகச் சொல்கிறான். அந்த விளையாட்டுக்குள் எவ்வளவு வினை ஒளிந்திருந்தது என்பதைப் பின்னர்தான் அறிகிறோம்.

மனைவியை வேலைக்கு அனுப்பியவன் அவனே. அவள் வேலை செய்வதைத் தாங்க இயலாதவனும் அவனே. இம்முரண்பாட்டைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். மனைவி உழைப்பதைப் பற்றி அவனுக்கு வருத்தமில்லை. இதுவரையிலும் அவள் வீட்டில் ஓயாது உழைத்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுடைய பணமும் அவனுக்குக் கசக்கவில்லை. அவன் அறியாத ஓர் உலகில், அவன் அறியாத மனிதரிடையே, அவனைச் சாராமல் அவள் தன்னம்பிக்கையுடன் நடமாடுகிறாள் என்பதே அவனைத் துன்புறுத்துகிறது. தன் தலைமை என்று அவன் கருதியது, உண்மையில் அவளுடைய அறியாமையின்மேலும் தயக்கத்தின்மேலும் கட்டப்பட்டிருந்தது. தயக்கம் அகன்றதும் தலைமை ஆட்டங்காண்கிறது.

இதற்கு இரு காட்சிகள் சான்று. ஈடித் அளித்த உதட்டுச் சாயத்தை ஆரத்தியின் பையில் சுப்ரதா காண்கிறான். அவனுடைய குத்தலான பேச்சைக் கேட்டு அவள் அதனைச் சன்னல் வழியே எறிந்துவிடுகிறாள். குடும்பச் சமாதானத்துக்காகத் தன் சிறு மகிழ்ச்சியைத் தூக்கி எறிகிற எத்தனையோ பெண்களை நாம் அறிவோம். அதனைத் தியாகம் என்று பாராட்டியும் இருக்கிறோம். ஆனால் அச்செயலால் கணவனின் ஐயம் தீரவில்லை. பொருளைத் துறந்தால் ஐயம் தீரும் என்றால், ஐயம் பொருளில் இருந்திருக்க வேண்டும். அது இருந்ததோ அவன் நெஞ்சில்.

மற்றொரு காட்சியில், தேநீர்க் கடையில் அமர்ந்திருக்கும் சுப்ரதா, தன் மனைவி அறிமுகமான ஓர் ஆடவருடன் உள்ளே வருவதைக் காண்கிறான். செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொள்கிறான். கணவர் என்ன செய்கிறார் என்று அவர் வினவ, வேலையிழந்தவன் என்று கூற மனமின்றி, சொந்தத் தொழில் நடத்துவதாக அவள் பொய் சொல்கிறாள். தன்னைக் காட்டிக்கொடுக்கிறாளோ என்று ஒட்டுக்கேட்டவன், தன் மானத்தைக் காப்பதற்காக அவள் பொய் சொல்வதைக் கேட்க நேர்கிறது. ஐயுற்றவன் வெட்கப்பட வேண்டிய இடம் இது. ஆனால் மானத்தைக் காக்கும் பொய்யும் ஒரு சுமையே. கணவனின் பெருமையை உயர்த்திப் பிடிக்கும் பொறுப்பும் சம்பாதிக்கும் மனைவியின் தோள்மேலேயே விழுகிறது.

ஆசிரியரின் மானம்

முதியவர் பிரியகோபால் நம் சிந்தனைக்கு மிகவும் உரியவர். நம்முள் ஓய்வுபெற்ற போதகர்களும் ஆசிரியர்களும் பலர் உளர். அவர்களுக்கு இவருடைய துயரம் அந்நியமானதன்று. மருமகள் ஈட்டும் பணத்தைத் தொட மறுக்கிறார். வாழ்நாள் முழுதும் கொள்கை பேசியவர் அல்லவா! ஆனால் கண்ணாடியும் வேண்டும். கைச்செலவுக்குப் பணமும் வேண்டும். எனவே, வாழ்க்கையில் உயர்ந்துவிட்ட தம் பழைய மாணவர்களைத் தேடிச் சென்று உதவி கேட்கிறார். அதனைக் குருவுக்குரிய காணிக்கை எனத் தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிறார்.

வீட்டுப் பெண் அன்போடு தரும் பணம் இழிவு. அந்நியர் வீட்டு வாசலில் நின்று பெறுவது உரிமை. மானம் என்று நாம் போற்றுவது எவ்வளவு விந்தையாகக் கணக்கிடுகிறது! இறுதியில் ஒரு மாணவனின் வீட்டுப் படிக்கட்டில் அவர் சரிந்து விழுகிறார். நோய்ப்படுக்கையில்தான் அவருடைய பிடிவாதம் இளகுகிறது. ரே இம்முதியவரை நகையாடவில்லை. அவருடைய வீழ்ச்சியை இரக்கத்துடன் காட்டுகிறார். பழைய ஒழுங்கு அவருக்கும் அநீதி இழைத்துள்ளது என்பதை நாம் உணர்கிறோம். ஆண்பிள்ளையின் பணமே பணம் என்று கற்பித்த ஒழுங்கு, அந்த ஆண்பிள்ளை வேலையிழந்தபோது முதியவருக்கு நன்றியுடன் பெறும் வழியைக் கற்பிக்கவில்லை.

ஈடித் என்னும் அயலாள்

இப்படத்தைக் குறித்துப் பேசுவோர் பெரும்பாலும் ஆரத்தியைப் பற்றியே பேசுவர். நான் ஈடித்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். பெயராலும் சமூகத்தாலும் அவள் கிறிஸ்தவள் என்பதால் மட்டுமன்று. கதையின் திருப்பம் அவளிடமே உள்ளது.

ஆங்கிலோ–இந்தியரின் அக்கால நிலையை நினைவுகூர்வது நலம். 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, இரயில்வே, சுங்கம், தபால், தந்தி ஆகிய துறைகளில் அவர்களுக்கிருந்த சலுகையைப் படிப்படியாகக் குறைத்துப் பத்து ஆண்டுகளில் முடிவுக்குக் கொணர வகை செய்தது. அடியில் நிலம் நழுவுவதைக் கண்ட பலர் பிற நாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். எஞ்சியோர், ஆண்டவர்களின் உறவினர் என்னும் பழிச்சொல்லையும், ஒழுக்கத்தில் தளர்ந்தவர் என்னும் அவதூறையும் சுமந்து, தனியார் அலுவலகங்களில் வேலை தேடினர். அவர்களின் பெண்களை எளிதில் கிட்டக்கூடியவர்களாகச் சித்திரிப்பது நம் திரைப்படங்கள் பலவற்றின் வழக்கமாக இருந்தது. விக்கி ரெட்வுட் நடித்த ஈடித் அச்சித்திரத்தைப் பொய்யாக்குகிறாள். அவள் உதட்டுச் சாயம் பூசுகிறாள், உரத்துப் பேசுகிறாள், விற்பனைத் தரகுக்காக முதலாளியிடம் வாதாடுகிறாள். இவை அவளுடைய குற்றங்கள் அல்ல. தனக்கு உரியதைக் கேட்கத் தெரிந்த பெண் அவள். ஆரத்திக்கு அந்தப் பாடத்தைக் கற்பித்தவளும் அவளே. சம்பள நாளன்று இருவருக்கும் இடையே மலரும் தோழமை படத்தின் இனிய பகுதிகளுள் ஒன்று.

முதலாளி முகர்ஜியோ ஆரத்தியிடம் மிகவும் பரிவுள்ளவர். அவளுடைய கணவன் தம் சொந்தப் பகுதியைச் சேர்ந்தவன் என்று அறிந்தவுடன் அவனுக்கு வேலை தேடித் தருவதாகவும் வாக்களிக்கிறார். ஆனால் நோயுற்று விடுப்பெடுத்த ஈடித்தை அவர் நம்பவில்லை; அவளுடைய நடத்தையைப் பழித்து வேலைநீக்கம் செய்கிறார். ஈடித் மெய்யாகவே நோயுற்றிருந்தாள் என்பது ஆரத்திக்குத் தெரியும். தம் இனத்தாரிடம் காட்டும் பரிவும் பிற இனத்தாரிடம் காட்டும் இகழ்ச்சியும் ஒரே நாணயத்தின் இரு புறங்கள். நம்மவள் என்பதால் ஆரத்தி கற்புள்ளவள். நம்மவள் அல்லள் என்பதால் ஈடித் ஐயத்துக்குரியவள். பெண்ணின் ஒழுக்கத்தை மதிப்பிடும் அதிகாரம் ஆணிடம் இருக்கும் வரையில், அந்தப் பாராட்டு எந்நேரமும் பழியாக மாறக்கூடும். ஆரத்தி இதனை நன்கு உணர்கிறாள். தன் கணவன் தன்னை ஐயுற்றதும், முதலாளி ஈடித்தை ஐயுறுவதும் ஒரே நோயின் அறிகுறிகள் என்று அவள் சொல்லவில்லை; ஆனால் அதனை அறிந்தவளாகவே நடந்துகொள்கிறாள்.

இரு ராஜினாமாக்கள்

படத்தில் ஆரத்தி இருமுறை ராஜினாமாவின் வாயிலில் நிற்கிறாள். முதல் முறை கணவனின் விருப்பத்துக்காக, கணவனின் அமைதிக்காக. அது நிறைவேறவில்லை. நிறைவேறாமைக்குக் காரணமும் அவளுடைய விருப்பமன்று, வங்கியின் வீழ்ச்சி. விடு என்றவனும் அவன். விடாதே என்றவனும் அவன். அவளுடைய மனம் என்ன என்று எவரும் கேட்கவில்லை. இரண்டாம் முறை அவள் எவரையும் கலந்து கொள்ளவில்லை. அயலாள் ஒருத்திக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காக, ஐந்து பேரின் உணவைப் பணயமாக வைத்துத் தானே முடிவு செய்கிறாள்.

இங்கு ஒரு வினா எழலாம். வேலைக்குச் சென்ற பெண் மீண்டும் வேலையற்றவளாவதா விடுதலை? இரு வேலையற்றவர்கள் பெருநகரில் நம்பிக்கையோடு நடப்பது வெறும் உணர்ச்சிவயப்பட்ட முடிவு அன்றோ? இவ்வாறு கூறும் திறனாய்வாளர்களை நான் எளிதில் புறக்கணிக்க மாட்டேன். ஆயினும் படிக்கட்டின் அடியில் நிகழும் உரையாடலை ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஆரத்தி அஞ்சி அழுகிறாள். சுப்ரதா முதலில் அதிர்ச்சியுறுகிறான்; பின்பு, அன்றாட உணவைத் தேடும் கவலை தம்மைக் கோழைகளாக்கிவிட்டது என்றும், தான் செய்யத் துணியாததை அவள் செய்தாள் என்றும் ஒப்புக்கொள்கிறான். படத்தில் முதன்முறையாக அவன் அவளைத் தன் உடைமையாகவோ தன் போட்டியாளாகவோ நோக்காமல், தன்னினும் துணிவுமிக்க ஒரு மனித உயிராக நோக்குகிறான். அவர்களுடைய உறவு சீர்பட்டது, இருவரும் ஒருவரையொருவர் உற்று நோக்கிக் குறைகளைப் பேசித் தீர்த்ததனால் அன்று. அவர்களுள் ஒருவர் வெளியே, அநீதியுற்ற மூன்றாவது ஒருவரை நோக்கித் திரும்பியதனால். இதுவே இப்படம் கூறும் ஆழ்ந்த செய்தி என்பது என் கருத்து.

படம் எட்டாத இடங்கள்

இத்தனை சிறப்பு இருந்தும் குறைகளும் இல்லாமல் இல்லை. முதலாவது, ஈடித்துக்கு என்ன நேர்ந்தது? ஆரத்தியின் துணிவு அவளுக்கு வேலையை மீட்டுத் தரவில்லை. அவளுடைய கண்ணீரைக் கண்டோம்; அதன் பின் அவளைப் படம் மறந்துவிடுகிறது. ஒடுக்கப்பட்டவளின் துன்பம் மற்றொரு தம்பதியரின் மனமாற்றத்துக்கு வாயிலாக மட்டும் பயன்பட்டதோ என்னும் உறுத்தல் எஞ்சுகிறது. இரண்டாவது, ஆரத்தி அலுவலகம் சென்றபின் அவள் விட்டுச்சென்ற வீட்டு வேலையைச் சுமந்தவர்கள் யார்? மாமியாரும் பள்ளிச் சிறுமியுமே. வேலையிழந்து வீட்டிலிருக்கும் நாள்களிலும் சுப்ரதா அடுப்பை மூட்டியதாகப் படம் காட்டவில்லை. பெண் வெளியே வந்தாள். ஆண் உள்ளே வரவில்லை. மூன்றாவது, ஆரத்தியின் செயல் சரியானது என்று முடிவில் தீர்ப்புக் கூறுவது கணவனின் வாயே. அவன் மறுத்திருந்தால் அச்செயலின் மதிப்புக் குறைந்திருக்குமா? படம் அவ்வினாவின் விளிம்பில் நின்றுவிடுகிறது. இறுதிக் காட்சியில் ஒளிப்படக் கருவி ஒரு தெருவிளக்கை நோக்கி உயர்கிறது. அதிலுள்ள இரு விளக்குகளுள் ஒன்றுதான் எரிகிறது. முழு வெளிச்சம் இன்னும் வரவில்லை.

நமக்குரிய பாடம்

ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் பெண்ணைக் குறிக்கும் ‘எசேர்’ என்னும் எபிரேயச் சொல்லைத் துணை என நாம் மொழிபெயர்க்கிறோம். துணை என்றதும் கையாள், உதவியாள் என்னும் பொருளே நம் சபையாரின் செவியில் ஒலிக்கிறது. ஆனால் பழைய ஏற்பாட்டில் அச்சொல் பெரும்பாலும் இறைவனையே குறிக்கிறது. தன்னிலும் வலியவர் தரும் உதவியைச் சுட்டும் சொல்லை, கீழ்நிலையின் அடையாளமாக நாம் சுருக்கிவிட்டோம். எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தில் மனைவியரைக் குறித்த இருபத்திரண்டாம் வசனத்தைத் திருமணந்தோறும் வாசிக்கிறோம். மிகப் பழைய சில கிரேக்கப் பிரதிகளில் அவ்வசனத்தில் வினைச்சொல்லே இல்லை. ஒருவருக்கொருவர் கீழ்ப்படியுமாறு கூறும் முந்திய வசனத்தின் வினையையே அது கடன் வாங்குகிறது என்பதை மாணவர்கள் வகுப்பில் கற்கின்றனர். கற்றவர்கள் மணமேடையில் அதனைச் சொல்லத் தயங்குவது ஏன்?

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், என் சபையைச் சேர்ந்த ஒருவர் தம் மனைவி அலுவலகப் பணியை விட வேண்டும் என்று என்னை அறிவுரை கூறச் சொன்னார். வீட்டில் சமாதானம் முதன்மை என்று கருதி, நான் அந்தச் சகோதரியிடம் பணியை விட்டுவிடுமாறு கூறினேன். அவர் மறுபேச்சின்றி விட்டுவிட்டார். சமாதானம் வரவில்லை. அடுத்து அவர் பக்கத்து வீட்டாரிடம் பேசுவது குற்றமாயிற்று. பின்பு தாய்வீட்டுக்குச் செல்வது குற்றமாயிற்று. உதட்டுச் சாயத்தை எறியச் சொன்னவன் நானே என்பதை இப்படத்தை மீண்டும் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். அச்சத்தை அகற்றாமல் அச்சத்துக்கு இரை போட்டேன். பின்னாளில் அவர்களைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டேன்; அவர் புன்னகைத்தார். இழந்த பணியை என் மன்னிப்பு மீட்டுத் தரவில்லை.

2013ஆம் ஆண்டில் தென்னிந்தியத் திருச்சபை தன் முதல் பெண் பேராயரை நந்தியால் மறைமாவட்டத்துக்கு அருட்பொழிவு செய்தது. பீடத்தில் பெண்ணுக்கு இடம் கண்ட திருச்சபை, வீட்டிலும் அவளுக்கு இடம் காண வேண்டுமானால், அதற்குரிய சொற்களை நம் ஆலோசனை அறைகளில் கண்டடைய வேண்டும். ஒரு தம்பதியர் நம்மிடம் வரும்பொழுது, யார் விட்டுக்கொடுப்பது என்று கேட்பதற்கு முன், யார் எதற்கு அஞ்சுகிறார் என்று கேட்கக் கற்போமாக. சுப்ரதாவைப் போன்ற நல்லவர்கள் நம் சபைகளில் நிறைய உளர். தாம் அஞ்சுவதைத் தாமே ஒப்புக்கொள்ளும் துணிவை அவர்களுக்கு அளிப்பது நம் பணி. அதற்கு முன், நாமும் அவர்களுள் ஒருவரே என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.